எத்தனை ட்ரே மிச்சம்

என் வீட்டுக்காரர் ரொட்டி வண்டியைக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் மேல் இடித்ததற்கு நான்தான் காரணம் என்று தெருவே பேசியது. பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், தெருவுக்கு வேறு என்ன வேலை. ஆனால் நானும் அதை நம்பித் தொலைத்தேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் என் கை அந்த போனை எடுத்ததையே நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். அன்று காலை அவர் சாப்பாட்டு டப்பாவை அடுப்பு மேடையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். வழக்கமாக வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிடுகிற நேரம் பார்த்து நான் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். யாரோ ஒரு ஆள் எடுத்தார்.

"ஏம்மா, வண்டி ஓட்டுற மனுஷனுக்கு இப்படியா விடாம அடிப்ப? இங்க ஒரு பொம்பளை அடிபட்டுக் கெடக்குது."

அந்த ஆள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டிக்குள் தரையில் விழுந்து கிடந்த போனில் 'வீடு' என்று மின்னியிருக்கிறது. கூடி நின்றவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். பெண்டாட்டி போன் அடித்தாள், அவன் குனிந்து பார்த்தான், இடித்துவிட்டான். அதற்குமேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

அடிபட்டது யாரோ எவரோ இல்லை. எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. என் ரவிக்கைக்கு அளவே எடுக்காமல் பார்வையிலேயே வெட்டித் தைக்கிறவள். சைக்கிளில் துணி வாங்கப் போய்க்கொண்டிருந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை மட்டும் போனது. கை இருக்கிறது, விரல்தான் மடங்காது. தையல்காரிக்கு வலது கை மடங்காவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பார்க்கப் போனேன். தையல் மெஷின் மேல் ஒரு போர்வை போட்டு மூடியிருந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அன்னிக்கு அப்படி என்ன தலை போற அவசரம் உனக்கு?"

"சாப்பாட்டு டப்பாக்கா. மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு."

அவள் சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பு. "சோத்து டப்பாவுக்கா என் கையி" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை முறை எதிரில் பார்த்தாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் வருகிறேன் என்று தெரிந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் இப்படி ஒரு பார்வைக்கு நான் ஏங்கியதில்லை. அவள் ஒரு தடவை என்னை நேராகப் பார்த்தால் போதும், திட்டினாலும் சரி என்று இருந்தது.

வீட்டில் இவரிடம் கேட்டேன். "நெஜமாவே என் போனாலதானா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "விடு. நடந்தது நடந்துபோச்சு. நீ என்ன வேணும்னா பண்ணின?" என்றார்.

அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து நான் அழுதேன். புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ரொட்டிக் கம்பெனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவருடைய அண்ணன்தான் அங்கே வண்டிகளை அனுப்புகிறவர். மாடியில் கண்ணாடி அடைத்த ஓர் அறை, காதில் ஒரு மைக், மேசையில் ஒரு ஸ்பீக்கர், எதிரில் வெள்ளைப் பலகை. பலகையில் எல்லா டிரைவர்களின் பெயரும் இருக்கும். இவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அதை மாதம் ஒரு முறையாவது எங்களுக்கு நினைவுபடுத்தாமல் விடமாட்டார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எங்கருக்க'. போனில் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான். வணக்கம், வாழ்த்து, நலமா எல்லாம் கிடையாது. "எங்கருக்க? எத்தனை ட்ரே மிச்சம்?" இரண்டே கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்.

அவர் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. ஏதாவது கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டால் அவருக்குத்தான் போன் வரும். எந்த வண்டியில் ரொட்டி ட்ரே மிச்சம் இருக்கிறதோ அதை அங்கே திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் காய்ந்த ரொட்டி திரும்பி வரும், முதலாளி முகம் சுருங்கும். அதற்காக ஒவ்வொரு வண்டியிலும் ஸ்டியரிங் பக்கத்தில் கம்பெனி போன் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கையில் எடுக்க வேண்டியதில்லை, ஒரு தட்டு தட்டினால் ஸ்பீக்கரில் பேசும். கையில் எடுக்காததால் ஆபத்தில்லை என்பது அவர்கள் எண்ணம். போன் மூன்று முறை மணி அடிப்பதற்குள் பதில் சொல்லாவிட்டால் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழும். புள்ளி சேர்ந்தால் தூரத்துக் கடைகளுக்குப் போகிற லைன் கிடைக்கும், வீட்டுக்கு வர இருட்டிவிடும்.

அண்ணன்காரர் என்னைப் பற்றிப் பேசாமல் இருந்தாலும் அவர் பெண்டாட்டி விடுவாளா. என் ஓரகத்தி. குடும்பத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், "போனைக் கண்டுபிடிச்சவனே இவளுக்காகத்தான் கண்டுபிடிச்சிருப்பான்" என்று சொல்லிச் சிரிப்பாள். என் மாமியாரும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன். தப்பு செய்தவள் அல்லவா, அப்படித்தான் உட்கார வேண்டும்.

இவருடைய லைசென்ஸைப் போலீஸில் பிடித்து வைத்திருந்தார்கள். அது திரும்பும்வரை கம்பெனியில் ட்ரே கழுவிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் திரும்பி வந்த வாரம் அண்ணன்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, டீயை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"முதலாளி நாளைக்கு ஒரு கூட்டம் வைக்கிறாரு. வண்டி ஓட்டும்போது கவனம் எப்படிச் சிதறுது, அதை எப்படித் தவிர்க்கிறதுன்னு. எல்லா டிரைவரும் குடும்பத்தோட வரணும். தம்பிதான் பேசணும். பட்டவன் சொன்னாத்தான் மத்தவனுக்கு உறைக்கும்னு முதலாளி நினைக்கிறாரு. நல்லாப் பேசிட்டான்னா மறுநாளே வண்டிச் சாவி."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் ரெண்டு வார்த்தை பேசணும்மா. 'நான் அன்னிக்கு போன் பண்ணாம இருந்திருந்தா'ன்னு ஆரம்பி. நடுவுல அழுகை வந்தா அடக்காத. நல்லாத்தான் இருக்கும்."

சரி மாமா என்றேன். அப்படியும் சொன்னேன் நான். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டால் அந்த அக்கா ஒருவேளை மனம் இரங்குவாள் என்று ஒரு நப்பாசை. அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அன்று மத்தியானமே தையல் கடைக்குப் போனேன்.

அவள் இடது கையால் ஒரு சட்டையின் பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தைக்க முடியாதவளுக்கு இப்போது பிரிக்கிற வேலை. துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். நான் வாசலில் நின்றபடியே கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லார் எதிரிலும் என் தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறேன், நீயும் வந்தால் நல்லது அக்கா என்றேன்.

அவள் துணியை வாயிலிருந்து எடுத்தாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஒத்துக்கிட்டா என் விரல் மடங்குமா? எனக்கு ஒண்ணுதான் விளங்கல. உன் புருஷன் போனை எங்க வச்சிருப்பாரு?"

"மேல்சட்டைப் பையில. இல்லேன்னா முன்னாடி டேஷ்போர்டுல."

"அப்படின்னா குனியணும். இல்ல, முன்னாடி பார்க்கணும். அவரு ரெண்டும் பண்ணல. வண்டி என் மேல வரும்போது நான் அவரைப் பார்த்தேன். மூஞ்சியே தெரியல. பின்மண்டைதான் தெரிஞ்சுது. மனுஷன் தோளுக்கு மேல தலையைத் திருப்பி வண்டிக்குள்ள பின்னாடி எதையோ பார்த்துக்கிட்டு இருந்தாரு. உன் போன் பின்னாடியா இருந்துச்சு?"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு என்னை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் அடுக்கி வைத்த ட்ரேக்கள் தெரியும். அன்று வழியில் கம்பெனி போன் அடித்தது. "எங்கருக்க? எத்தனை ட்ரே மிச்சம்?" என்று அண்ணன்காரரின் குரல். இவர் ஓடுகிற வண்டியில் தலையைத் திருப்பி, அந்த ஜன்னல் வழியாக, உதடு அசைய எண்ணினார். எண்ணி முடித்துப் பதில் சொல்லிவிட்டுத்தான் ரோட்டைப் பார்த்தார். "என்னங்க இது" என்றேன். "தப்பா சொன்னா திட்டு விழும். எல்லாரும் இப்படித்தான் எண்ணுவோம், பழகிப்போச்சு" என்றார். அதைப் போய் எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. என் குற்றத்தைச் சுமக்கவே எனக்கு நேரம் போதவில்லை, வேறு எதையும் யோசிக்க எங்கே நேரம்.

வீட்டுக்கு வந்தேன். இவர் சமையலறையில் நின்றுகொண்டு, கூட்டத்தில் பேச வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உங்க அண்ணன் போன் பண்ணினாரா?"

வாய் நின்றது. "யாரு சொன்னா?"

"பண்ணினாரா இல்லையா?"

"பண்ணினான்."

"ட்ரே எண்ணினீங்களா?"

குழாயைத் திறந்து கையைக் கழுவினார். கையில் ஒரு அழுக்கும் இல்லை.

"அப்போ என் போன்?"

"அது இடிச்சதுக்கு அப்புறந்தான் அடிச்சுது."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா. தண்ணீர் சத்தத்தில் பாதி கேட்கக்கூட இல்லை. நான் குழாயை மூடினேன்.

"அப்புறம்னு தெரிஞ்சே இத்தனை மாசமா என்னை அழ விட்டீங்களா?"

"கத்தாத. ஆஸ்பத்திரி வராந்தாவுல அண்ணன்தான் சொன்னான். வீட்டு போன்னு சொன்னா குடும்ப விஷயம், யாரும் தோண்ட மாட்டாங்க. ஆபீஸ் போன்னு சொன்னா கம்பெனி மேல வரும், ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவாங்கன்னு. அவன் புள்ள குட்டிக்காரன். நமக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன். நான் என்ன பண்ணட்டும்?"

"என் பேரைக் கொடுத்தீங்க."

"பேருதானே. பேரு போனா நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. வேலை போனா வருமா?"

எனக்கு அடித்துவிடலாம் போல இருந்தது. மேடையில் இருந்த அகப்பையை எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன். பாவி மனுஷா, எனக்கு வெளியே வேலை கிடையாது, சம்பளம் கிடையாது, பலகையில் பெயர்கூடக் கிடையாது. இருந்தது அந்தத் தெருவில் நல்லவள் என்ற ஒரு பேர். அதை எடுத்துத்தான் உன் அண்ணனுக்குக் கொடுத்தாயா? இதையெல்லாம் மனதுக்குள் சொன்னேன். வாய் வழியாக வந்தது வேறு.

"கூட்டத்துல நீங்களே நடந்ததைச் சொல்லிடுங்க. நான் வேற எதுவும் கேக்கல."

"பார்க்கலாம்" என்றார்.

இவருடைய பார்க்கலாம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். ஆனாலும் நம்பினேன். சாயங்காலம் தையலக்காவிடம் போய், "என்ன ஆனாலும் நாளைக்கு வந்துடுக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கூட்டம் காலை வண்டிகள் திரும்பிய பிறகு, மாடியில், அண்ணன்காரரின் கண்ணாடி அறைக்குப் பக்கத்துக் கூடத்தில். கீழே அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் டிரைவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி முன்வரிசையில். அண்ணன்காரர் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் மைக்கோடு இருந்தார். ஒரு வண்டி இன்னும் வெளியே இருந்தது. தையலக்கா கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். வந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் அவள் பை.

இவர் கையில் இருந்த ரிமோட்டை அழுத்த அழுத்த, திரையில் ஒவ்வொரு படமாக வந்தது. தூக்கம் வந்தால் முகம் கழுவிச் சமாளிக்காதே, ஓரங்கட்டித் தூங்கு. வழி தேடுவதாக இருந்தால் கிளம்பும் முன்பே தேடு. கண்ணாடியில் தலை வாராதே. வழியில் விபத்து நடந்திருந்தால் வேடிக்கை பார்க்காதே, உன் முன்னால் போகிறவனும் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த சூட்டோடு வண்டியை எடுக்காதே. இவர் நன்றாகவே பேசினார். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவர் அடித்த ஜோக்குக்கு முதலாளிகூடச் சிரித்தார்.

அடுத்த படம் வந்தது. சமையலறையில் ஒரு பெண் காதில் போனை வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். எங்கிருந்து பிடித்தார்களோ அந்தப் படத்தை.

"வீட்ல இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போது சொல்லுங்கள், இப்போது சொல்லுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். "இதைப் பத்தி என் சம்சாரமே சொல்லுவாங்க" என்று மைக்கை என் பக்கம் நீட்டினார்.

எழுந்து போய் வாங்கினேன். முதலாளி தலையை ஒரு பக்கம் சாய்த்து, என் அழுகையைக் கேட்கத் தயாரானவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் மூச்சை இழுத்து, அண்ணன்காரர் எப்படிக் கேட்பாரோ அப்படியே, அதே வெடுக்கென்ற குரலில் மைக்கில் கேட்டேன்.

"எங்கருக்க? எத்தனை ட்ரே மிச்சம்?"

கூடத்தில் இருந்த டிரைவர்களின் தலைகள் திரும்பின. யோசித்திருந்தால் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். கொட்டாவி விட்டவர் வாயை மூடாமலே திரும்பினார். காலை ஆட்டிக்கொண்டிருந்தவர் கால் நின்று தலை திரும்பியது. எல்லாத் தலையும் ஒரே பக்கத்துத் தோளுக்கு மேலாக, பின்னால். அங்கே ட்ரே இல்லை. தையலக்கா இருந்தாள், மடியில் அந்தக் கையோடு. மேடையில் நின்ற என் வீட்டுக்காரரும் திரும்பினார். அவருக்குப் பின்னால் திரையில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, அக்காவின் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஓட்டும்போதும் நீங்க எல்லாரும் இப்படித்தான் திரும்புறீங்க" என்றேன். "அக்கா மேல வண்டி ஏறும்போது இவரும் இப்படித்தான் திரும்பியிருந்தாரு. கம்பெனி போனுக்குப் பதில் சொல்லத் திரும்பினாரு. என் போன் அடிச்சது அதுக்கு அப்புறம். நான் பொய் சொல்றேன்னா இவரையே கேளுங்க."

முதலாளி இவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார். அதட்டலாகக்கூட இல்லை, நிதானமாகத்தான் கேட்டார். ஒரே ஒரு 'ஆமாம்' போதும். தலையை ஆட்டினாலே போதும்.

இவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எழுந்து நின்றிருந்தார். பிறகு இவர் என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்து, அழுத்தினார். சமையலறைப் பெண் போய் வேறு படம் வந்தது.

"அடுத்தது" என்றார். "சாப்பிட்டுக்கிட்டே வண்டி ஓட்டுறது."

முதலாளி கொஞ்ச நேரம் இவரையே பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து திரையைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

நான் மைக்கை மேசை மேல் வைத்தேன். டிரைவர்களின் நடுவே நடந்து கடைசி வரிசைக்குப் போனேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையலக்கா இடது கையால் பையை எடுத்துக் கீழே வைத்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள்.

"உட்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்தது என் புருஷன் இல்லை, அவர் வண்டியால் கை போன பெண். இந்த வெட்கக்கேட்டை நான் யாரிடம் போய்ச் சொல்வது. முன்னால் இவர் சாப்பாட்டு டப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், வண்டியை நிறுத்திவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று.

கண்ணாடி அறையில் அண்ணன்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கதவு சரியாக மூடவில்லை. வெளியே ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு வண்டிக்கு அவர் போன் போடுவது கேட்டது.

"எங்கருக்க? எத்தனை ட்ரே மிச்சம்?"

அக்கா தன் இடது கையால் என் கையைப் பிடித்தாள். அறை ஸ்பீக்கரில் அந்த டிரைவரின் பதில் வரும்வரை விடவில்லை.